அம்மா அறுக்கும் வட்டம்

கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டுமாம். அலமாரியின் மேல்தட்டில் டப்பா எடுக்கப் போய், எந்த டப்பா என்று மறந்து அப்படியே நின்றுவிட்டவள் மாதிரி. வனஜாட்சி அப்படித்தான் நின்றாள், ஐம்பத்தெட்டு வயதில், பருத்திப் புடவைக்கு மேல் மகனுடைய பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவில் கொசுவம் சிக்குமோ என்று ஒரு கண்ணைக் கீழே வைத்துக்கொண்டு. வலது கை சம்பந்தி வியோரிகாவிடம். மாவு பிசைந்து பிசைந்து மரக்கட்டையாகிவிட்ட கை, ஆனால் சூடு. இடது கை மருமகள் ஸ்மரந்தாவிடம். அது ஐஸ். பதினாறு மாதமாகத் தலையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருக்கிறவளுக்குக் கை மட்டும் எதற்கு இப்படிச் சில்லிட்டுக் கிடக்க வேண்டும், செத்தது இவளா, அவனா? அவன்தான். குகன். பக்கத்து நகரமான க்ரயோவாவில் வேலை முடிந்து காரில் திரும்புகிறபோது டிசம்பர் மாதத்து ரோட்டில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்த பனியில் வழுக்கி, ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில். முப்பத்திரண்டு வயது. திருச்சி தில்லைநகரில் வனஜாட்சிக்கு அப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்து, மோர்ச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்த நேரம். விசா வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் இவர்கள் அவனை இந்த ஊர்க் கல்லறையில் வைத்து மூடி, மேலே ஒரு மரச் சிலுவையும் நட்டு, படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். என் பிள்ளைக்குச் சிலுவை. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தபோதுகூட, ஜெபம் சொல்கிற நேரத்தில் உதட்டை மட்டும் அசைத்துத் தப்பித்தவள் நான், கடைசியில் என் பிள்ளையைக் கொண்டுபோய் அதன் கீழே படுக்க வைத்துவிட்டார்கள்.

வாத்தியக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். நான்கு பேர். ஒரு வயலின், ஒரு அக்கார்டியன், குட்டை மேசை மாதிரி ஒரு பெட்டியின் மேல் கம்பிகளை விரித்துக்கொண்டு பஞ்சு சுற்றிய குச்சிகளால் தட்டுகிற ஒருத்தன், பெரிய பிடிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற இன்னொருத்தன். மெதுவான பாட்டு. நொண்டுகிற பாட்டு என்றுதான் அவளுக்குப் பட்டது. ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு, அடுத்த காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, அப்புறம் வைக்கிற மாதிரி. வியோரிகா அவள் கையை வலப் பக்கம் இழுத்தாள். அறுபது எழுபது பேர் நின்ற வட்டம் மொத்தமும் வலப் பக்கம் நகர்ந்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம், ஒரு அடி பின்னால். நடுவில் புல்தரையில் ஒரு மேசை, மேசையில் எரிகிற மெழுகுவர்த்திகள், கோதுமையை அவித்துச் சர்க்கரையும் அக்ரூட்டும் போட்டுப் பிசைந்து வைத்த தட்டு, அவன் படம். படத்தில் சிரிக்கிறான். சிரிடா, சிரி. அம்மா ஆடுகிறாள் பார். ஓயாமாரிச் சுடுகாட்டுக்குப் போகிற பிணங்கள் எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது, பறை அடித்து ஆடிக்கொண்டு வருகிற கூட்டத்தைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்துவாளே உன் அம்மா. "செத்தவன் முன்னாடி எப்படித்தான் காலைத் தூக்கி ஆட வருதோ இதுங்களுக்கு" என்பாளே. நீகூட, பத்தாவது படிக்கிறபோது, கணக்கு நோட்டிலிருந்து நிமிராமலேயே, "விடும்மா, விடு. அவங்க வீட்டுத் துக்கம்" என்பாயே. எதற்கெடுத்தாலும் அதுதான் அவன் வாயில். பால்காரனிடம் சண்டை போட்டால், விடும்மா, விடு. அப்பா மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டார் என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தால், விடும்மா, விடு. இப்போது விட்டுவிட்டது யார்?

விஷயம் ரொம்பச் சுலபம். இந்த ஊரில் செத்தவன் பேரில் ஒரு ஹோரா ஆடினால்தான் அந்த வீட்டில் துக்கம் தீரும். ஹோரா என்பது இந்த வட்டம்தான், இந்த நொண்டல்தான். அதுவரை பெண்டாட்டிக்காரி தலைத்துணியை அவிழ்க்கக் கூடாது, எந்தக் கல்யாணத்திலும் ஆடக் கூடாது, இன்னொருத்தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வருஷத்தில் ஒரே நாள், ஈஸ்டர் கழிந்த மூன்றாம் நாள் மத்தியானம், அதுவும் கோயிலில் மாலை மணி அடிக்கும் வரைக்கும்தான். அதற்குள் முடித்தால் தீர்ந்தது. முடிக்காவிட்டால் அடுத்த வருஷம். வனஜாட்சிக்குப் போன வாரம்வரை இவ்வளவுதான் தெரியும், அதுவும் ஸ்மரந்தா போனில் சொல்லித்தான். "நீ வரணும் அத்தை. நீ வராம முடியாது." நீ. வாய்க்கு வாய் நீ. தமிழை அவனிடம் கற்றவள் இல்லையா, அவன் தாயிடம் எப்படிப் பேசினானோ அப்படியே பேசுவாள். சாப்டியா அத்தை. தூங்கினியா அத்தை. முதல் தடவை திருச்சிக்கு வந்து ஒரு மாசம் இருந்தபோது, எதிர்வீட்டு மங்களம் முன்னால் "ஏன் அத்தை கத்துற?" என்று கேட்டுவிட்டாள். மங்களம் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். குகன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறபோது இவளுடைய வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போனமா, அந்தப் பொண்ணைக் கரையேத்தி விட்டமான்னு வந்துடு வனஜா. உன் வாயை அங்கே திறக்காதே." கரையேற்றுவதாம். எந்தக் கரையில்? அந்தக் கரையில் நிற்கிறானே ஒருத்தன், நம்ம பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனிடமா?

அந்தச் சட்டை. சந்தனக் கலரில், காலரில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு. தெப்பக்குளம் பக்கத்துக் கடையில் மூன்று மாடி ஏறி எடுத்தது, அவனுடைய கடைசி தீபாவளிக்கு. கழுத்து பதினைந்தரை, கை கொஞ்சம் நீளம். செத்தவனுடைய உடுப்பு ஒரு ஜோடியை அவன் வயதுக்காரன் ஒருத்தனுக்குத் தானமாகக் கொடுத்து, அவனை முன்னால் விட்டுத்தான் ஆட வேண்டுமாம். வியோரிகா தோரினுக்குக் கொடுத்திருந்தாள். மாட்டு டாக்டர். நெட்டையன், காதுகள் இரண்டும் சைக்கிள் பெல் மாதிரி. வட்டத்தின் அந்தப் பக்கம் முதல் ஆளாக, ஒரு கையில் மெழுகுவர்த்தியும் துவாலையும் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். சட்டைக் கை மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிட்டது. அவனுக்கே வெட்கம் போல, கையை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தான். அதற்காக இரக்கப்பட முடியுமா? நேற்று சாயங்காலம்தான் ஸ்மரந்தா கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், நான்கு டூலிப் பூ வாங்கி. "செத்தவங்களுக்கு ரெட்டைப்படை அத்தை. உயிரோட இருக்கறவங்களுக்கு ஒத்தைப்படை." சிலுவைக்கு முன்னால் நின்று, பூவை வைத்துவிட்டு, இவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "தோரின்னு ஒருத்தன் இருக்கான். கேக்கறான். நான் இன்னும் சரின்னு சொல்லல. உன்கிட்டச் சொல்லாம சொல்ல மாட்டேன்." இவள் ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தாரே, அதற்காக இல்லை. அத்தனை பெரிய கெட்ட வார்த்தையை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாததால். கான்வென்ட் இங்கிலீஷில் அதற்கு வார்த்தை கிடையாது. சிஸ்டர்கள் அதையெல்லாம் சொல்லித் தரவில்லை.

மறுபடி வலப் பக்கம். மூன்று அடி. நடு எப்போதும் இடது கைப் பக்கம். இதைத்தான் கல்யாணத்தன்றைக்குப் பார்த்தாள். இதே புல்தரை, ஜூன் மாதம், ஸ்மரந்தா தலையில் வெள்ளைப் பூ, குகன் பட்டு வேட்டியும் மேலே இந்த ஊர் எம்பிராய்டரிக் கையில்லாத கோட்டும். கல்யாணப் பெண் பேரில் ஆடுகிற ஹோரா. மாப்பிள்ளையின் தாயைக் கைப்பிடித்து உள்ளே இழுத்தார்கள். இரண்டு சுற்று சிரித்துக்கொண்டே ஆடினாள். மூன்றாவது சுற்றில்தான் தலையில் இடித்த மாதிரி உறைத்தது. நடுவை இடது பக்கம் வைத்துக்கொண்டு யார் சுற்றுவார்கள்? கோயிலில் யாராவது அப்படிச் சுற்றுவார்களா? ஆரத்தியை யாராவது அப்படி எடுப்பார்களா? என் அப்பா சிதையை என் அண்ணன் அப்படித்தான் சுற்றினான், தோளில் பானையோடு, பானையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க. அப்படித்தானே இந்த எண்பது பேரும் என் பிள்ளையை நடுவில் நிறுத்தி வைத்துச் சிரித்துக்கொண்டே சுற்றுகிறார்கள் என்று நினைத்ததுதான், இரண்டு கையையும் வெடுக்கென்று உருவிக்கொண்டாள். வட்டம் அறுந்தது. ஒரு கிழவர் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். வயலின்காரன் வில்லைத் தூக்கிய மேனிக்கு நின்றான். ஹோராவை நடுவில் அறுப்பது என்றால் தாலியை அறுப்பது மாதிரியாம். அது அவளுக்கு அப்போது தெரியாது, ஏதோ பெரிய தப்பு என்று மட்டும் முகங்களைப் பார்த்ததும் புரிந்தது. அப்புறம் குகன் ஓடி வந்தான், அவள் தோளில் கையைப் போட்டான், அவர்கள் பாஷையில் ஏதோ சத்தமாகச் சொன்னான். ஒரு விநாடி. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. கிண்ணங்களைத் தூக்கினார்கள். வியோரிகா ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், பிளம் சாராய வாசனையோடு.

அந்தக் கைதட்டலை ஏறக்குறைய நான்கு வருஷமாக அரைத்தாள் அவள். அம்மியில் போட்டு அரைத்தாள். என்ன சொன்னான்? எங்கம்மா கிறுக்கு, கண்டுக்காதீங்க என்றா? பட்டிக்காடு என்றா? அவனிடம் கேட்கவும் மாட்டாள். திருச்சி திரும்பி இரண்டு மாசம் அவன் போனை எடுக்கவில்லை. எடுத்த பிறகும் "சாப்டியா, வெயிலா குளிரா" என்பதோடு சரி. அவன் கேட்டான், "இன்னும் அதையே பிடிச்சுட்டு இருக்கியா? விடும்மா, விடு." விடுகிறதாம். மானத்தை வாங்கிவிட்டு விடுகிறதாம். கடைசியாகப் பேசின ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் முடிந்தது, வெயிலா குளிரா. "பனி கொட்டுதும்மா" என்றான். "கொட்டட்டும்" என்றாள். கொட்டட்டும். அந்த வார்த்தை வரும்போது மனசு பக்கத்துச் சந்தில் திரும்பிவிடும், எப்போதும், காலில் முள் குத்தின மாதிரி. இப்போதும் திரும்பியது. கோட்டின் கழுத்துப் பட்டையில் அவன் வாசனை இருக்கிறதா என்று மூச்சை இழுத்தாள். பூச்சி உருண்டை வாசனைதான்.

இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. அடுப்படியில் ஸ்மரந்தா அக்ரூட்டைப் பொடித்துக்கொண்டிருந்தாள். இவள் தானும் சும்மா இருக்க வேண்டாமே என்று கோதுமைத் தட்டின் மேல் சர்க்கரைத் தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, இன்னிக்கு நீதான் அறுக்கணும்." எதை? "வட்டத்தை. கல்யாணத்துல அறுத்தியே, அந்த மாதிரி. நீ கையை விட்டதும் பாட்டு நிக்கும். அம்மா என் தலைத்துணியை எடுப்பாங்க. அவ்ளோதான், முடிஞ்சுது." சல்லடை நின்றுவிட்டது. "உங்க ஊர் வழக்கம்தானே" என்று ஸ்மரந்தா பொடியிலிருந்து நிமிராமல் சொன்னாள். "குகன் எல்லார்கிட்டயும் சொன்னானே. எங்க ஊர்ல பையனோட அம்மா வந்து வட்டத்தை அறுத்து விடுவாங்க, வீட்டுல இருக்கற கெட்டது அந்த வழியா வெளியே போயிடும்னு. ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. கிழவங்க சொல்றாங்க, அவன் ஹோராவையும் அவன் அம்மாதான் அறுக்கணும், அவன் ஊர் முறைப்படி." வழக்கம்! எந்த ஊரில்? வனஜாட்சி திருச்சியில் பிறந்து திருச்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள். கும்மியில் யாரும் யார் கையையும் பிடிப்பதே இல்லை, அப்புறம் எங்கே அறுப்பது? புல்தரையில் நின்றபடி, ஒரு விநாடியில் ஒரு வழக்கத்தையே பெற்றுப்போட்டிருக்கிறான் பாவி. அம்மாவைக் காப்பாற்ற. அதற்கா இரண்டு மாசம் போனை எடுக்கவில்லை? அதற்கா கொட்டட்டும் என்றேன்? சர்க்கரைத் தூள் கண்ணில் பறந்துவிட்டது என்று சொல்லி, முந்தானையால் துடைத்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் போய்க் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அதுதான் அவளுக்குக் கை கண்ட மருந்து, எப்போதும்.

ஏனென்றால் அவள் வேறு திட்டத்தோடு வந்திருந்தாள். ஃப்ளைட்டில் ஒன்பது மணி நேரமும் அதைத்தான் மெருகு போட்டுக்கொண்டு வந்தாள். வட்டம் சுழல்கிறபோது நடுவில், எல்லோரும் பார்க்க, ஸ்மரந்தாவின் கையை உதறிவிட்டு வெளியே போய்விடுவது. என் பிள்ளை மண்ணில், நீ நாளைக்கு எவனோ ஒருத்தன் வாசலில், நான் கை பிடித்துக் கொடுக்க வேண்டுமா, தூ என்று. அவர்களுக்குப் புரியட்டும், ஒரு வார்த்தை பேசாமல் புரியட்டும். இப்போது என்ன ஆயிற்று? உதறினால் கைதட்டுவார்கள். தூ என்று துப்பினால்கூட, அதுவும் திருச்சி முறை என்று குனிந்து வணங்குவார்கள். செத்தும் மறித்துக்கொண்டு நிற்கிறான். அவள் எதைச் செய்தாலும் ஆசீர்வாதமாகிவிடும்படி ஏற்பாடு பண்ணிவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் ஒரு அடி. மூன்று அடி வலது. ஏழாவது சுற்றா, எட்டாவதா. தோள்பட்டையில் ஊசி குத்தத் தொடங்கியது. வட்டத்தில் எல்லோர் கண்ணும் ஒரு தடவை அவள் மேல் வந்து போனது. இதுதான் சமயம் போலிருக்கிறது. வியோரிகா அவள் உள்ளங்கையை மெதுவாக ஒரு அமுக்கு அமுக்கினாள், ம், விடு என்கிற மாதிரி.

கையை விடுவது அவளுக்குப் புதிதும் இல்லை. ஏழாம் வகுப்பில், கான்வென்ட் ஆண்டுவிழாவுக்கு சிஸ்டர் ஒடிலியா வெள்ளைக்காரக் குழந்தைகள் ஆடுகிற வட்ட ஆட்டம் ஒன்று பழக்கினாள். இருபது பெண்கள், பச்சை ரிப்பன், பியானோ. வனஜாட்சிக்குப் பக்கத்தில் கொலாஸ்திகா. வரகனேரிப் பெண், விடுதியில் இலவசமாகத் தங்கிப் படித்தவள், விரல் இடுக்கெல்லாம் சிரங்கு. "சிஸ்டர், இவ கை பிசுபிசுன்னு இருக்கு" என்றதற்கு, சிஸ்டர் ஒரு கைக்குட்டையை மடித்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்தாள். கொலாஸ்திகா அந்தக் கைக்குட்டையை ஏதோ பரிசு மாதிரி தினமும் துவைத்துக்கொண்டு வந்தாள். விழா அன்று, பிஷப் முன்வரிசையில், பியானோ வேகம் பிடித்து வட்டம் பம்பரமாகச் சுற்றுகிற இடத்தில், வனஜாட்சி கைக்குட்டையை விட்டாள். தெரிந்துதான் விட்டாள். எண்ணிக்கூட விட்டாள், ஒன்று, இரண்டு. கொலாஸ்திகா போய் மேடை விளிம்பில் விழுந்தாள், முன்பல் பாதி உடைந்தது. சிஸ்டர் ஒடிலியா கொலாஸ்திகாவைத்தான் முட்டி போடச் சொன்னாள், வெயிலில், பிடியை விட்டதற்காக. உதட்டில் ரத்தம் காய்ந்துபோய் முட்டி போட்டுக்கொண்டே கொலாஸ்திகா அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? ஒருவேளை காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றா? நாற்பத்தைந்து வருஷமாக அந்தப் பாதிப் பல்லுக்குப் பதில் தெரியவில்லை. சிலர் அப்படித்தான், நாம் தள்ளிவிட்டாலும் நம்மையே நல்லவளாக்கிவிட்டுப் போவார்கள். அவர்களைத்தான் மன்னிக்கவே முடியாது.

விடவில்லை. வனஜாட்சி விடவில்லை. அது ஒரு முடிவாகக்கூட வரவில்லை, விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. விட்டால்தானே ஆசீர்வாதம்? பிடித்தால்? அட. இத்தனை நேரம் இது ஏன் தோன்றவில்லை. கெட்டது வெளியே போக வழி விடுகிறவள் அவள் என்றால், வழியை அடைத்துக்கொண்டு நிற்கவும் அவளால் முடியும். வெளியில் பார்க்கிறவர்களுக்குப் பாசம் மாதிரி இருக்கும். பாவம், பெற்றவள், விட மனசு வரவில்லை என்பார்கள். மாலை மணி அடிக்கிறவரைக்கும் பிடித்துக்கொண்டால் போதும். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் கறுப்புத் துணி. அடுத்த ஈஸ்டருக்கு மூட்டு வலி, வர முடியவில்லை. அதற்கடுத்ததற்கு விசா கிடைக்கவில்லை. அவள் வராமல் முடியாது என்று இவர்களே சொல்லிவிட்டார்களே. மாட்டு டாக்டர் எத்தனை வருஷம் காது விறைக்க நிற்பான்? மனசுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் பரவியது, வெயிலில் அலைந்துவிட்டு வந்து பானைத் தண்ணீரைக் குடித்த மாதிரி. கால் தானாக ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்று வலது, நிறுத்தம், ஒன்று பின்னால். சொல்லப்போனால் ஒன்றும் கஷ்டமில்லை.

பத்தாவது சுற்று. பன்னிரண்டாவது. வயலின்காரன் வியோரிகாவைப் பார்த்தான், வியோரிகா இவளைப் பார்த்தாள். பாட்டு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. அக்கார்டியன்காரனின் நெற்றியிலிருந்து வேர்வை கட்டைகள் மேல் சொட்டியது. அன்றைக்குத் தடுமாறி விழுந்த கிழவர் இன்றைக்கும் வந்திருந்தார், நீலக் கம்பளித் தொப்பியோடு. வாயால் மூச்சு விட்டார், ஆனாலும் கையை விடவில்லை, அறுக்கிற உரிமை அவருக்கு இல்லை. தோரினுடைய மெழுகுவர்த்தி விரலளவுக்கு வந்துவிட்டது, மெழுகு சந்தனக் கலர்ச் சட்டைக் கையில் வழிந்தது. அவன் உதறவில்லை. மெழுகு போக வெந்நீரில் முக்கி, பழுப்புக் காகிதம் வைத்து இஸ்திரி போட வேண்டும், இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. "அத்தை." மெதுவாக, இடப் பக்கத்திலிருந்து. "இப்ப விடலாம் அத்தை." கேட்காத மாதிரி நடந்தாள். "அத்தை, ரொம்ப நேரமாச்சு. கிழவங்க இருக்காங்க." அப்போது வனஜாட்சி திரும்பினாள். சிரித்த முகத்தோடு, பார்க்கிறவர்களுக்காக முகத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டு, தமிழில் சொன்னாள். "அப்படி ஒரு வழக்கமே எங்க ஊர்ல கிடையாதுடி. உன் புருஷன் அளந்து விட்டது. அன்னைக்கு நான் கையை உதறினது வாழ்த்துறதுக்கு இல்ல. இந்தக் கூட்டமும் பிடிக்கல, இந்தச் சுத்தும் பிடிக்கல, உன் கையும் பிடிக்கல. அருவருத்துச்சு. போதுமா?"

அடி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஸ்மரந்தா ஒரு காலடிகூடத் தப்பவில்லை. மூன்று வலது, நிறுத்தம். "தெரியும்" என்றாள். "என்ன தெரியும்?" "அன்னிக்கு ராத்திரியே சொன்னான். பொய் சொல்லிட்டேன்னு சிரிச்சான். எங்கம்மாவுக்குப் பயம் வந்துடுச்சு, பயம் வந்தா அவளுக்குக் கோவம் வரும், வேற ஒண்ணும் வராதுன்னு சொன்னான்." ஒன்று பின்னால். "நான் யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. நீ வேணும்னா சொல்லு. நான் எங்க பாஷையில அவங்களுக்குச் சொல்றேன். அப்புறம் நீ அறுக்க வேண்டாம், நாங்களே அறுத்துக்கறோம். சொல்லட்டுமா?" அவள் குரலில் எகத்தாளம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பாதிப் பல்லோடு முட்டி போட்டவளின் முகம். சொல்லு என்றால் குகன் பொய்யன் ஆவான், இத்தனை பேர் முன்னால், அவன் படத்துக்கு முன்னால். சொல்லாதே என்றால் அவன் பொய் அவள் பிழைப்பாகும். வனஜாட்சி பிடியை இறுக்கினாள். ஸ்மரந்தாவின் மோதிரம், குகன் போட்டது, இரண்டு பேர் விரலுக்கும் நடுவில் எலும்பில் அழுந்தியது. வலிக்கட்டும். இவளுக்கும் வலிக்கட்டும் எனக்கும் வலிக்கட்டும். நடு இடது பக்கம்தான் இருந்தது. மேசை, படம், புகை. இடது பக்கம் வைத்துச் சுற்றுவது. என் அண்ணன் சுற்றினான், தோளில் பானையோடு. எனக்கு அது கிடைக்கவில்லை, பன்னிரண்டு நாள் விசா ஆபீஸ் வாசலில் கிடைத்தது வெயில்தான். இப்போது சுற்றுகிறேனே. பதினாறு மாசம் கழித்துச் சுற்றுகிறேனே. இது எத்தனையாவது, பதினைந்தா, இருபதா, எத்தனை வேண்டுமானாலும் ஆகட்டும், அறுத்தால் இது முடிந்துபோகும் இல்லையா, இது முடிந்தால் அப்புறம் அவனுக்குச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது, தில்லைநகரில் அவன் ரூமைத் துடைப்பதா?

கிழவர் முட்டி மடிந்துவிட்டது. இரண்டு பக்கத்திலும் தாங்கித் தூக்கிக்கொண்டே நகர்ந்தார்கள், கையை விடாமல், அவர் ஷூ முனை புல்லில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. அறுபது பேருடைய சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை, எல்லோரும் அவளையே பார்த்தார்கள், பரிதாபத்தோடு, மரியாதையோடு, பொறுத்துக்கொண்டு. கம்பிப் பெட்டிக்காரனின் ஒரு குச்சி முறிந்தது. ஒற்றைக் குச்சியால் தட்டினான், பாட்டு இன்னும் நொண்டியது. வியோரிகா அவர்கள் பாஷையில் மெதுவாகக் கெஞ்சினாள், மகள் பெயர் மட்டும்தான் புரிந்தது. கோயில் கோபுரத்துப் பக்கம் ஒருத்தன் மணிக்கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. தோரின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான், அப்புறம் ஸ்மரந்தாவைப் பார்த்தான், அப்புறம் தன் விரலைச் சுடுகிற மெழுகுவர்த்தியைப் பார்த்தான். ஸ்மரந்தாவின் கை இப்போது ஐஸ் இல்லை. கொதித்தது. பிசுபிசுவென்று இருந்தது. அவள் உருவப் பார்த்தாள், ஒரு தடவை, லேசாக. முடியவில்லை. உருவினால் தானே அறுத்ததாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, நிறுத்திக்கொண்டாள். தலைத்துணி நழுவி நெற்றியை மறைத்தது, தள்ளிக்கொள்ளக் கை இல்லை. துணியின் கீழிருந்து, மூச்சிரைக்க, அலுப்போடு, பழகின எரிச்சலோடு, அவள் சொன்னாள்.

"விடும்மா, விடு."

அத்தை என்று சொல்லவில்லை. அவனுடைய இழுப்பு. முதல் விடு உயர்ந்து, இரண்டாவது விடு கீழே இறங்கி, கணக்கு நோட்டிலிருந்து நிமிராமல் சொல்கிற மாதிரி. வனஜாட்சியின் காலடி முதல் தடவையாகத் தப்பியது. பதினாறு மாதமாக அந்தக் குரலை அவள் போனில் தேடியிருக்கிறாள், பழைய செய்திகளில் தேடியிருக்கிறாள், எல்லாம் சாப்டியா, தூங்கினியா, இது மட்டும் எதிலும் பதிவாகவில்லை, யார் பதிவு பண்ணி வைப்பார்கள் இதை? இங்கே இருந்திருக்கிறது. இவள் வாய்க்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. கையை விட்டுவிட்டால் இவள் துணியை அவிழ்த்துவிட்டு அந்தக் காதுக்காரன் வீட்டுக்குப் போய்விடுவாள், அவனோடு அவன் பாஷையில் பேசிப் பேசி, ஒரு வருஷத்தில் இது தேய்ந்துபோகும், கூடவே குகனும்.

கோபுரத்தில் கயிறு கீழே இறங்கியது. முதல் மணி விழுந்தது. வயலின் வில்லோடு நின்றது, அறுபது பேர் கைகளும் ஒன்றையொன்று விட்டு விலகின, கிழவர் புல்லில் உட்கார்ந்தார், வியோரிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் தோரின் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுச் சட்டைக் கையை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டான். புல்தரை முழுவதிலும் பிடித்துக்கொண்டிருந்தவை இரண்டு கைகள்தான். ஸ்மரந்தா அழுதாள், சத்தமில்லாமல், கறுப்புத் துணி நனைய. வனஜாட்சி அந்தக் கையை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து, அவள் வாயருகில் காதைக் கொண்டுபோனாள்.

"சொல்லு" என்றாள். "இன்னொரு தரம் சொல்லு."